பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு எஞ்சின்

அன்று காலை எஞ்சின் மூடியின் மேல் கை வைத்த ஐயாவு, வைத்த வேகத்தில் கையை எடுத்துக்கொண்டான்.

மூடி சூடாக இருந்தது.

சுடுகிற சூடு இல்லை. காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் நெற்றி எப்படி இருக்குமோ, அந்த அளவுதான். வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில், காலை ஆள்கணக்குப் பெரட்டுக்குக் கூப்பிடும் தகரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு மலைப் பக்கமிருந்து இறங்கிய பனிமூட்டம் ரப்பர் மரங்களுக்கு இடையில் தவழ்ந்து வந்து, பங்களாவுக்குப் பின்னால் இருந்த கார்க் கொட்டகைக்குள்ளும் நுழைந்து, கூரைத் தகரத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. காரின் மட்கார்டும் விளக்குகளும் சக்கரக் கம்பிகளும் அந்த ஈரத்தில் வேர்த்துப் போயிருந்தன. மூடி மட்டும் காய்ந்திருந்தது.

யாரோ எடுத்து ஓட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். நினைத்த மாத்திரத்திலேயே அது நடக்காத காரியம் என்று தெரிந்தது. எஞ்சினுக்குள் ஒரு பொட்டு எண்ணெய் கிடையாது. நேற்று மாலை அவன்தான் அவ்வளவையும் வடித்து எடுத்தான். இப்போது அது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், அவன் வீட்டு அடுப்பின் மேல், பித்தளைக் குண்டானில் இருக்கிறது. எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் தோட்டத்து வாசலைத் தாண்டுவதற்குள் எஞ்சின் இறுகிச் செத்துப்போகும்.

அப்படியானால் இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

ஐயாவு முன்பு பால் மரம் சீவிக்கொண்டிருந்தவன். பெரிய வெள்ளம் வந்து போன மறுவருஷம், தோட்டத்துத் துரைக்குக் கப்பலில் இந்தப் பச்சைக் கார் வந்து இறங்கியபோது, கை நடுங்காத ஆள் ஒருவன் வேண்டும் என்று துரை அவனைப் பொறுக்கி எடுத்தார். லயத்தை விட்டுக் கொட்டகையை ஒட்டிய அறைக்கு அவனும் அவன் மனைவி நவமணியும் குடிவந்தார்கள். அறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

அது சாதாரணக் கார் இல்லை. மற்றத் தோட்டத்துத் துரைமார்களோடு சிம்பாங் பூலாய் ரோட்டில் பந்தயம் விடுவதற்கென்றே வாங்கிய கார். ஆள் உட்கார இரண்டு இடம், மற்றதெல்லாம் எஞ்சின். அதற்கு விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும், வேறு எண்ணெய் ஆகாது. நம் பிள்ளைகளுக்கு வயிறு கழுவ ஒரு கரண்டி கொடுத்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுகிற எண்ணெயை, துரையின் கார் டின் டின்னாகக் குடித்தது. ஓடும்போது அது எரிகிற வாசனை தித்திப்பாக, தலை சுற்றுகிற மாதிரி ரோட்டில் வெகு நேரம் நிற்கும். துரைக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும்.

காலைக் குளிரில் விளக்கெண்ணெய் பாகு போல இறுகிவிடும் என்பதுதான் வம்பு. அதனால் தினமும் மாலையில் எஞ்சின் சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடித்து வைத்துக்கொண்டு, விடிகாலையில் அடுப்பில் காய்ச்சி, இளகியதும் திரும்ப ஊற்ற வேண்டும். நான்கு சிலிண்டர்களின் தலையிலும் இருக்கிற குட்டிக் குழாய்களைத் திறந்து பெட்ரோல் விட வேண்டும். பொறி விழுகிற நேரம் பிந்தும்படி அதன் பிடியைப் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். பிறகு முன்னால் போய்க் குனிந்து ஹாண்டிலைச் சுற்ற வேண்டும். அசந்தால் ஹாண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டை உடைக்கும். 

குளிர்ந்த எஞ்சின் எடுத்ததும் ஓடாது. முதலில் ஒரு சிலிண்டர் இருமும். அடங்கிவிடும். மறுபடி சுற்றினால் இரண்டு இருமும். வெள்ளைப் புகை கக்கும். மூன்று சேர்ந்து நொண்டி நொண்டி ஓடும். நான்காவது வீம்பு பிடித்துக் கடைசியில்தான் வந்து சேரும். அதுவரை முடுக்கக் கூடாது, முடுக்கினால் உள்ளே ஏதாவது உடையும். பக்கத்திலேயே நின்று காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நன்றாகச் சூடேறிய பிறகு துரை வருவார். சுவிட்சைத் தட்டி நிறுத்துவதை மட்டும் அவர் யாருக்கும் விட மாட்டார். அவர் நிறுத்தியதும், கிளப்புவதற்குப் போட்ட பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஓட்டத்துக்கு உரிய பிளக்குகளை ஐயாவு மாட்டுவான். தினமும் இதுதான் முறை.

அன்று குண்டானை அடுப்பில் வைத்து விறகைத் தள்ளித் தள்ளி எரித்தும் எண்ணெய் இளகவே இல்லை. நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது. குண்டானின் பக்கத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தது. துரை வரும் நேரம் ஆகிவிட்டதால், இறுகிய எண்ணெயை அப்படியே ஊற்றிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக ஹாண்டிலைப் பிடித்தான்.

அரைச் சுற்றுதான். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இருமல் இல்லை. புகை இல்லை. நான்கு சிலிண்டரும் ஒன்றாக, இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டே இருந்தது போல ஓடின. துரை சிகரெட்டோடு வந்து காதைச் சாய்த்துக் கேட்டார். "ரொம்ப நல்ல வேலை, ஐயாவு" என்று தோளில் தட்டினார். ஐயாவு சிரித்து வைத்தான். இளகாத அந்த எண்ணெயை நினைத்ததுமே, அவன் மறக்க முயன்ற விஷயம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

போன வாரப் பந்தயத்தன்று காலையில் எண்ணெய் குறைந்துவிட்டது. டின்னின் அடியில் துருப்பிடித்து ஓட்டை. பாதிக்கு மேல் மண் குடித்திருந்தது. ஈப்போவுக்குப் போய் வாங்கி வர நேரம் இல்லை. துரை பங்களாவில் பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். கார் கிளம்பாவிட்டால் அந்த வேலையும் அந்த அறையும் அன்றோடு போய்விடும், நிறைமாதத்தில் நவமணி மறுபடி லயத்துக்குப் போய் ஒரே அறையில் மூன்று குடும்பத்தோடு படுக்க வேண்டும் என்றுதான் அவன் நினைத்தான். அப்போதுதான் அவள் தலைமாட்டில் தொங்கிய பேச்சி புட்டி கண்ணில் பட்டது.

அந்த லயத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வயிற்றில் பிள்ளை தரித்தால், ஒரு புட்டி விளக்கெண்ணெயை ஆற்றோரம் இருக்கும் பேச்சியம்மன் கல்லடியில் வைத்து வெள்ளிக்கிழமைதோறும் பூ போட்டு, கடைசி மாதத்தில் வீட்டுக்கு எடுத்து வருவார்கள். வலி எடுக்கிறவரை யாரும் அதைத் திறக்கக் கூடாது. வலி எடுத்ததும் முதல் கை எண்ணெய் தாயின் வயிற்றுக்கு, அடுத்த கை பிறந்த பிள்ளையின் உச்சிக்கு. நவமணிக்கு இதற்கு முன் இரண்டு வயிறு தங்கவில்லை. இந்த மூன்றாவதை அவள் அந்தப் புட்டியை நம்பித்தான் சுமந்தாள். 

அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஐயாவு புட்டியைக் கவிழ்த்து எஞ்சினில் ஊற்றினான். அன்று துரை ஜெயித்தார். மாலையில் எண்ணெயை வடித்தபோது, கடை எண்ணெயை வாங்கிப் புட்டியில் ஊற்றி வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அது அம்மனை ஏமாற்றுவது ஆகிவிடும். இந்தக் குண்டானில் எப்படியும் அம்மன் எண்ணெய் கலந்துதானே இருக்கிறது? அவள் பொருளை அவளிடமே கொடுத்துவிடலாம் என்று நினைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தப் புட்டியை நிரப்பி, இருந்த இடத்திலேயே மாட்டினான். நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது. அவ்வளவுதான், ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

எஞ்சின் சூடாக இருந்த அன்று மாலை, நவமணி பாயில் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துவிடச் சொன்னாள்.

"என்னான்னு தெரியலைங்க. முதுகு சில்லுன்னு இருக்கு. அந்தப் பலகை ஓரமாப் படுத்தா உள்ளுக்குள்ள இருக்குற சூட்ட எல்லாம் யாரோ உறிஞ்சி எடுக்குற மாதிரி இருக்கு."

"பனி இறங்குது புள்ள. பாய இந்தப் பக்கம் போடு."

பாயை எதிர்ச்சுவர் ஓரம் மாற்றினான். மாற்றும்போது பலகையில் காது உரசியது. அந்தப் பக்கம் எஞ்சின் ஆறிக்கொண்டிருந்தது. ஓடி நின்ற எஞ்சின் ஆறும்போது இரும்பு சுருங்கி டிக், டிக் என்று சத்தம் போடும். முதலில் அடுத்தடுத்து, பிறகு விட்டுவிட்டு, கடைசியில் ஒன்றும் இருக்காது. எல்லா டிரைவர்களுக்கும் பழகின சத்தம் அது. ஆனால் இன்று அது விட்டுவிட்டுக் கேட்கவில்லை. டிக்டிக்டிக்டிக் என்று ஒரே சீராக, வேகமாக, நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. விளக்கு அணைத்த பிறகும் கேட்டது.

நாள் போகப் போக நவமணிதான் அதை முதலில் சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டு.

"உங்க புள்ளைக்கு மோட்டார் சத்தம் கேட்டாத்தான் முழிப்பு வருது. காலையில நீங்க கிளப்புனதும் ஒரே உதை. தொரை நிப்பாட்டுனாரோ இல்லையோ, அவனும் படுத்துர்றான். அப்புறம் அடுத்த நாள் காலையிலதான்."

ஐயாவு அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். தோல் குளிர்ந்திருந்தது. ஆற்றில் கிடந்த கல்லைத் தொட்டது போல இருந்தது. அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தாள், அவளுக்கு அது தெரியவில்லை. அவன் எழுந்து, ஏதோ எடுக்கப் போகிறவனைப் போலக் கொட்டகைக்குப் போய், எஞ்சின் மூடியின் மேல் அதே கையை வைத்தான்.

இளஞ்சூடு. உள்ளே இருந்து ஏதோ ஒன்று மெல்ல அவன் கையை முட்டியது.

அவன் பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டான். அவனுக்குப் பயமாக இருந்தது. வெளியில் இன்னும் வெயில் இருந்தது, பங்களா சமையல்காரர் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார், இருந்தும் பயமாக இருந்தது.

மறுநாள் பால் எடை போடும் நேரத்தில் மருத்துவச்சி இருளாயியைத் தேடிப் போனான். லயத்தில் பிறந்த பிள்ளைகள் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள்தான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, பேச்சி எண்ணெ கை தவறிக் கொட்டிப்போச்சுன்னா என்ன ஆவும்?"

"யாரு கொட்டுனா?"

"யாரும் இல்ல. சும்மா கேட்டேன்லா."

"மண்ணுல கொட்டுனா மண்ணு குடிச்சிட்டுப் போவும் தம்பி. அதுல ஒண்ணும் இல்ல. வேற ஒரு வயித்துக்குள்ள மட்டும் அது போயிரக் கூடாது. ஆத்தா அந்த எண்ணெ வாசத்தப் பிடிச்சிக்கிட்டுத்தான் வருவா. எங்க எண்ணெ இருக்கோ அங்கதான் புள்ள இருக்குன்னு, அதத்தான் காப்பாத்துவா."

ஐயாவு வந்த வழியே வேகமாகத் திரும்பினான்.

அன்று மாலையே, ஈப்போவிலிருந்து வந்திருந்த புது டின்னை உடைத்தான். பழைய எண்ணெய் முழுவதையும் வடித்து, குண்டானோடு தூக்கிக்கொண்டு போய்ப் பேச்சியம்மன் கல்லடியில் ஊற்றிக் கும்பிட்டான். எஞ்சினின் வயிற்றை மண்ணெண்ணெய் விட்டு அலசினான். புது எண்ணெயைக் குண்டானில் எடுத்து வைத்தான். அறையில் நவமணி கண்ணயர்ந்திருந்தாள். தலைமாட்டுப் புட்டியையும் எடுத்துப் போய்க் கொட்டிவிடலாம் என்று கையை நீட்டினான். 

அவள் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. கை குளிர்ந்திருந்தது.

"அதத் தொடாதீங்க" என்றாள். "அது ஒண்ணுதாங்க எனக்கு இருக்கு. ரெண்டு போயிருச்சு. இதையும் குடுத்துட்டு நான் உசுரோட இருக்க மாட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும், தூசி தட்டத்தான் எடுத்தேன் என்று வேறு ஏதோ வந்தது. அன்றிலிருந்து அவள் புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு படுத்தாள்.

காலையில் மூடி முன்னை விடச் சூடாக இருந்தது. 

அதன் பிறகு ஐயாவு ஒன்று செய்ய ஆரம்பித்தான். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து எஞ்சினைக் கிளப்பினான். கிளப்பிவிட்டு அறைக்கு ஓடி வந்து அவள் வயிற்றில் காதை வைப்பான். உள்ளே பிள்ளை புரளும். தோலில் கொஞ்சம் சூடு வரும். அவனுக்கு அழுகை வரும். துரை கேட்டால், பனி அதிகம், சூடேற நேரம் பிடிக்கிறது என்பான். துரை சம்மதமாகத் தலையாட்டுவார். பிறகு சுவிட்சுக்குக் கை போகும். எஞ்சின் நிற்கும். பலகைக்கு அந்தப் பக்கம் நவமணி "படுத்துட்டான்" என்பாள், சந்தோஷமாக.

வலி ஒரு விடிகாலையில் எடுத்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. பனி மட்டும் கொட்டகை வாசல்வரை வந்து நின்றுகொண்டிருந்தது. ஐயாவு ஓடிப்போய் இருளாயியைக் கூட்டி வந்தான். அவள் அவனை அறையிலிருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஆண்பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. அவனுக்குத் தெரிந்த வேலை கொட்டகையில்தான் இருந்தது. அடுப்பை இருளாயி வெந்நீருக்கு எடுத்துக்கொண்டதால், அவன் கொட்டகை ஓரத்தில் மூன்று கல் வைத்து எண்ணெயைக் காய்ச்சினான். எண்ணெய் உடனே இளகியது. 

குண்டானைத் தூக்கிப் போய் மூடியைத் தொட்டான்.

ஜில்லென்று இருந்தது. பனி முத்து முத்தாகப் படிந்து, அவன் விரல் பட்ட இடத்தில் வழிந்தது. சாதாரணக் கார். விடிகாலையில் எல்லாக் காரும் இருக்கிற மாதிரி ஒரு கார். 

ஐயாவு மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்று, பேச்சியை நினைத்துக் கும்பிட்டான். விட்டுவிட்டாள். பிள்ளையைப் பிள்ளையின் இடத்துக்கே அனுப்பிவிட்டாள். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் பொய் என்று நினைத்துச் சிரிக்கக்கூடச் சிரித்தான். எண்ணெயை ஊற்றினான். குழாய்களைத் திறந்து பெட்ரோல் விட்டான். அந்தப் பக்கம் நவமணியின் முனகல் உயர்ந்து உயர்ந்து அடங்கியது.

அப்போது இருளாயியின் குரல் கேட்டது.

"என்னடி இது, எண்ணெ இப்பிடிக் கறுத்துக் கெடக்கு?"

"கல்லடியில இருந்த எண்ணெக்கா... அப்பிடித்தான் இருக்கும்... தடவுங்க..."

ஐயாவு பலகையில் இரண்டு கையையும் வைத்தான். வேண்டாம் என்று கத்த வேண்டும். கத்தினால் ஏன் என்று சொல்ல வேண்டும். பலகை இடுக்கு வழியாக அந்த வாசனை வந்தது. எரிந்த விளக்கெண்ணெய். தித்திப்பு. துரைக்குப் பிடித்த வாசனை.

ஒரு நீண்ட அலறல். பிறகு ஒன்றும் இல்லை.

ஒன்றுமே இல்லை.

"ஐயாவு" என்றாள் இருளாயி. குரல் உடைந்திருந்தது. "புள்ள மூச்சு வுடல."

அவன் கதவைத் தள்ளினான். இருளாயியின் இரண்டு கைகளுக்கு நடுவில் ஒரு ஆண் குழந்தை. உச்சியில் கறுப்பு எண்ணெய் பளபளத்தது. உதடு நீலம். அவள் தட்டினாள். ஊதினாள். காலைப் பிடித்துத் தலைகீழாக்கினாள். நவமணி தலையைத் தூக்க முடியாமல், "அழுவச் சொல்லுங்கக்கா, அழுவச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐயாவு ஒரு விரலால் பிள்ளையின் நெஞ்சைத் தொட்டான்.

இரும்பு. விடிகாலை இரும்பு.

அவனுக்கு விளங்கிவிட்டது. ஓடினான்.

பொறியைப் பின்னுக்குத் தள்ளினான். ஹாண்டிலைப் பிடித்தான். சுற்றினான். அசையவில்லை. மறுபடி. பாதி திரும்பியது. திருப்பி அடித்தது. மணிக்கட்டில் ஏதோ முறிந்தது. இடது கைக்கு மாற்றினான். சுற்றினான்.

ஒரு சிலிண்டர் இருமியது.

பலகைக்கு அந்தப் பக்கம், மெல்லிசாக, ஒரு இருமல்.

"ஆத்தா" என்றாள் இருளாயி.

சுற்றினான். இரண்டு இருமின. அங்கேயும் இரண்டு. வெள்ளைப் புகை. கண் எரிந்தது. அழுதுகொண்டே சுற்றினான். பிடித்தது. நொண்டியது. மூன்று சிலிண்டர். அங்கே அழுகை விட்டு விட்டு, நொண்டி நொண்டி வந்தது. நான்காவது. நான்காவது வர வேண்டும். முடுக்கக் கூடாது. முடுக்கினால் உடையும். பக்கத்திலேயே நின்று காது கொடுத்துக் காத்திருந்தான்.

நான்காவதும் வந்து சேர்ந்தது.

பிள்ளை வீறிட்டு அழுதான். அறை முழுவதும், கொட்டகை முழுவதும் கேட்கும்படி அழுதான். நவமணி சிரிப்பதும் அழுவதும் கலந்து கேட்டது. "கேக்குதாங்க? உங்க புள்ளைங்க! கேக்குதா?" 

"கேக்குது புள்ள" என்றான். மூடியில் கன்னத்தை வைத்துக்கொண்டான். சூடு ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு அவன் பார்வை பெட்ரோல் டின்கள் பக்கம் போனது. மூலையில் டின்கள் அடுக்கி இருந்தன. எவ்வளவு நாளைக்கு? இரவும் பகலும் ஓடினால் எவ்வளவு நாளைக்கு? ஓடிக்கொண்டே இருக்கும்போது எண்ணெய் மாற்ற முடியுமா? வளர்ந்து, நடந்து, கல்யாணம் ஆகி. இப்படி எல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஐயாவு, சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம் வந்ததைக் கவனிக்கவில்லை.

துரை வாசலில் நின்றார். தோல் கையுறை, தொப்பி. முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயாவு! குழந்தை? நான் கேட்டேன். ஆண் குழந்தையா?"

"ஆமாங்க தொரை."

"ரொம்ப சந்தோஷம்! ரொம்ப ரொம்ப சந்தோஷம்!" அவன் தொங்கிய கையைக்கூடக் கவனிக்காமல் தோளில் தட்டினார். "இன்று கார் வேண்டாம். நான் குதிரையில் போகிறேன். நீ உன் வீட்டுக்காரியிடம் போ."

காரின் பக்கம் நடந்தார்.

"தொரை, நிப்பாட்ட வேணாம். தொரை, ஓடட்டும்..."

"சத்தம் அதிகம், ஐயாவு" என்றார் துரை, மிகவும் மெதுவாக, தூங்குகிறவர்களுக்கு அருகில் பேசுகிற மாதிரி. "குழந்தை தூங்கட்டும்."

ஐயாவு பாய்ந்தான். மணிக்கட்டு முறிந்த கைதான் முன்னால் நீண்டது.

சுவிட்சு கிளிக் என்றது.

எஞ்சின் ஒரு முறை குலுங்கி நின்றது. பலகைக்கு அந்தப் பக்கம் அழுகை, பாதியில் நின்றது.

துரை விரலை உதட்டில் வைத்துச் சிரித்துவிட்டு, ஓசைப்படாமல் பங்களாவுக்கு நடந்தார்.

ஐயாவு இடது கையால் ஹாண்டிலைப் பிடித்து, உடம்பு முழுவதையும் அதன் மேல் போட்டான். அசையவில்லை. காலை வைத்து மிதித்தான். அசையவில்லை. உள்ளே எண்ணெய் கல்லாகிவிட்டது போல இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன் கன்னத்தைச் சுட்ட மூடியில் பனி படிய ஆரம்பித்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முத்து முத்தாகப் படிந்தது.

டிக் டிக் டிக் டிக்.

"என்னங்க" என்று பலகை இடுக்கு வழியாக நவமணி கிசுகிசுத்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "கையில வாங்குனதும் தூங்கிட்டாங்க. எவ்வளவு சமத்து பாருங்க. மோட்டாரக் கிளப்பிராதீங்க."

டிக். டிக்.

அவள் தாலாட்டை மெல்ல ஆரம்பித்தாள். இருளாயியின் குரலே கேட்கவில்லை.

டிக்.

ஐயாவு ஹாண்டிலைப் பிடித்தபடி அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தான்.